எங்கள் ஒழுங்கைக்கு வந்த கான்

நான் கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகிய சந்தில், கழிவுநீர் ஓடும் கான் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே, வீடுகளிலிருந்து ஊற்றிய தண்ணீர் தானாக அறுத்துக்கொண்டு போன ஒரு பள்ளம் இருந்தது. அதைத்தான் கான் என்றோம். வெயில் நாளில் அது கறுத்துத் தேங்கிக் கிடக்கும். மழை பெய்தால் பள்ளம் எது, ஒழுங்கை எது, வாசற்படி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். ஒழுங்கை முழுவதற்கும் பொதுவான தண்ணீர்ப் பைப் அந்தப் பள்ளத்தின் கரையில்தான் நின்றது.

என் கணவர் துறைமுகத்தை அடுத்த ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர். அவருக்கு ஊர் யாழ்ப்பாணப் பக்கம். நான் கொழும்பிலேயே பிறந்தவள். கலியாணத்துக்கு முன் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். வேலையை விட்ட பிறகும் ஒழுங்கையில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வீட்டில் ஓர் அக்கா இருந்தார். புறக்கோட்டை அரிசிக் கடைகளில் கிழிந்துபோகும் சாக்குகளை எடுத்துவந்து தைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கணவர் கப்பலுக்குக் கரி ஏற்றும் வள்ளங்களில் வேலை செய்து, நெஞ்சு நோயில் இறந்துபோனவர். பிள்ளைகள் ஒரு மகளும் ஒரு மகனும். அக்கா வாசற்படியில் சாக்குகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் லேசில் எழும்பமாட்டார். புருவம் எல்லாம் சணல் தூசி படிந்திருக்கும். அந்த ஒழுங்கையில் எனக்கு முதலில் கிடைத்த சிநேகம் அவர். என் மகள் பிறந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியதெல்லாம் பாதி எங்கள் வீட்டிலும் பாதி அந்தச் சாக்குக் குவியலின் மேலும்தான்.

ஒரு வருடம் மழை விடாமல் பெய்தது. பள்ளத்துத் தண்ணீர் பைப்படி வரைக்கும் ஏறி நின்றது. அந்த மழைக்குப் பின்னால் ஒழுங்கைக்குள் நெருப்புக்காய்ச்சல், டைபாய்டு, வந்தது. அக்காவின் மகன் அதில் போனான். வேதக் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கிற பையன், நல்ல துடியான பிள்ளை. அவனை மாதம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, என் மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது என் கைகள் வெறுமையாக இருந்தன. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் இன்றைக்கும் முடியாது.

பல நாட்கள் நானும் அக்காவும் அதிகம் கதைக்கவில்லை. அவர் தன் வாசலில் தைத்துக்கொண்டிருப்பார். நான் என் வாசலில் சும்மா இருப்பேன். நடுவில் அந்தப் பள்ளம். ஒருநாள் அவர் ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து வந்தார்.

"டீச்சர், உங்களுக்கு இங்கிலீசு கதைக்க வரும் தானே?"

"ஓரளவுக்கு வரும் அக்கா."

"நகரசபையில போய்க் கதைக்க வேணும். இந்தக் கானைக் கட்டித் தரச் சொல்லிக் கேக்க வேணும். நான் தமிழில சொல்றன். நீங்க அவங்கட பாசையில சொல்லுங்க."

எங்களைப் போல வாடகைக்கு இருந்தவர்களில் பலருக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கு இல்லை. ஒழுங்கை வாயில் அரிசிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவருக்கு இருந்தது. கடையும் அதற்குப் பின்னால் இருந்த வீடும் அவருடைய சொந்தம். அவரிடம் போனோம். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நம்மட வட்டார மெம்பர நான் அறிவேன். ஓட்டுக் கேட்டு வந்த நேரம் என்ட கடையிலதான் இருந்து தேத்தண்ணி குடிச்சவர். நான் போய்ச் சொல்றன். நீங்க ரெண்டு பேரும் வரத் தயாரா இருங்க, அவ்வளவுதான்."

அந்த மெம்பர் ஒரு வழக்கறிஞர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சபையின் குழு ஒன்று எங்களைக் கூப்பிட்டுக் கேட்பதாக அறிவித்தல் வந்தது.

என் கணவரிடம் சொன்னேன்.

"எங்கட கந்தோர்ப் பெரிய துரையும் அந்தக் குழுவில இருக்கிறார்," என்றார்.

"போக வேண்டாம் எண்டு சொல்றீங்களா?"

"இல்லை. நீர் அங்க போய் அவரைக் கண்டு திடுக்கிடக்கூடாது எண்டுதான் சொன்னனான். நீர் போய்ட்டு வாரும்."

டிராமில் புறக்கோட்டைக்கு வந்து, மருதானைக்கு வேறு டிராம் ஏறி, அங்கிருந்து நடந்து போனோம். பூங்காவுக்கு எதிரே அந்த வெள்ளைக் கட்டிடம் அப்போது புதிது. அக்கா தன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தார். படிகளில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நீண்ட மேசை ஒன்றைச் சுற்றி அங்கத்தவர்கள் இருந்தார்கள். எங்கள் மெம்பரும் இருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர்தான் பெரிய துரை என்று அடையாளம் தெரிந்தது. என்னை அவர் அறியமாட்டார்.

அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பள்ளம், பைப், மழை, வாளிக் கக்கூசுகள், மலம் அள்ளும் வாளி வண்டி உள்ளே வர முடியாமல் ஒழுங்கை வாயிலேயே நின்றுவிடுவது, எல்லாம் சொன்னோம். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பிறகு துரை ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண் காய்ச்சலைப் பற்றி நேரில் அறிந்து சொல்கிறாரா, அல்லது அயலில் கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா என்றார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நேரில தெரியும் எண்டு சொல்லுங்க," என்றார் அக்கா. "என்ட மகன் அதிலதான் போனவன். கடைசி மட்டும் அவனைப் பாத்தது நான். அவனுக்குப் பிறகு டீச்சரின்ட பிள்ளையும் போச்சு. நடக்கத் தொடங்கின பிள்ளை. அதையும் சொல்லுங்க."

முதற்பகுதியைச் சொன்னேன். அத்தோடு நின்றுவிட்டேன். அந்தச் சொற்களை அதுவரைக்கும் நான் எந்தப் பாசையிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அறையில் எல்லாரும் நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர்," என்றார் அக்கா மெதுவாக.

"ஆசிரியையின் குழந்தையும் இறந்துபோனது என்று சொல்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில்.

"எந்த ஆசிரியை?" என்று கேட்டார் துரை.

"நான்தான், ஐயா."

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. குழுத் தலைவர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அக்கா நின்றுகொண்டிருந்தபடியால் நானும் நின்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் என் கணவர் கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். துரை அவருடைய மேசையடிக்கு வந்தாராம். குழுவுக்கு வந்த பெண் இவருடைய மனைவி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பிள்ளை செத்தது எனக்குத் தெரியாது, நீர் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டார்," என்றார் கணவர். "நான் அண்டைக்கு ஒருநாள் லீவுதான் கேட்டனான். காரணம் சொல்லேல்லை. தனக்கு மெத்தக் கவலை எண்டு சொன்னார். கையைத் தந்துபோட்டுப் போனார்."

அன்றைக்குத்தான் என் கணவர் மகளுக்காக அழுததை நான் கண்டேன்.

நகரசபையின் முழுக்கூட்டத்தில் விவாதம் நடந்த நாளில் அரிசிக்கடைக்காரரும் அக்காவும் நானும் ஒழுங்கையிலிருந்து இன்னும் சிலரும் போய், பொதுமக்கள் இருக்கும் இடத்தில் இருந்தோம். அந்த வருடம் வீதிகளுக்கும் கான்களுக்கும் என்று ஒதுக்கிய தொகையை எங்கே செலவழிப்பது என்பதுதான் விவாதம். வெள்ளைக்காரக் கம்பனிகள் இருந்த கோட்டையிலும் துறைமுக வாசலிலும் வீதிகளைத் தார் போட்டுப் புதுப்பித்து, நல்ல விளக்குகள் வைக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை. அந்தத் தொகையைக் கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு போன்ற நெருக்கமான இடங்களின் ஒழுங்கைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. கொள்ளுப்பிட்டிப் பக்கத்து அங்கத்தவர் ஒருவர் எழுந்து, கடற்கரை ஓரத்தில் மண் அரிக்கிறது, அதையும் மறக்க வேண்டாம் என்றார்.

துரை கோட்டைக்காகத்தான் பேசினார். கப்பலில் வந்து இறங்குகிற வியாபாரி முதலில் பார்ப்பது கோட்டையைத்தான். இந்த நகரத்துக்கு வருமானம் வருவது துறைமுகத்தால். துறைமுகம் சரிந்தால் எந்த ஒழுங்கைக்கும் ஒன்றும் கிடைக்காது என்றார். பேச்சின் நடுவில் ஒருமுறை எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். ஒழுங்கைகளில் இருக்கும் துயரத்தைத் தான் அறிவதாகவும் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் அன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவருடைய கை உயர்ந்தது கோட்டைக்காகத்தான்.

எங்கள் மெம்பர் நன்றாகப் பேசினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் கரி ஏற்றுகிறவனும் எங்கே படுத்து எழும்புகிறான் என்று கேட்டார். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கப்பலில் வேலை யார் செய்வது என்றார். பிறகு டாக்டராக இருந்த ஓர் அங்கத்தவர் எழுந்து, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, தொகையைப் பங்கிடுவோம் என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். கடைசியில் அவர் சொன்ன மாதிரித்தான் முடிந்தது. கோட்டையில் பாதி வேலை. ஒழுங்கைகளில், காய்ச்சல் கூடுதலாகக் கண்ட சிலதுக்குக் கல்லுக் கான். அதில் எங்கள் ஒழுங்கையும் ஒன்று. தேவையான இடங்களில் ஒழுங்கையை அகலமாக்க வேண்டும் என்றும் அந்தப் பிரேரணையில் ஒரு வரி இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று அக்கா கேட்டார்.

"கான் வருது அக்கா. ஒழுங்கையையும் பெருசாக்கப் போறாங்களாம்."

"எந்தப் பக்கத்தால?"

"அதைச் சொல்லல்ல."

வெளியே வந்ததும் அரிசிக்கடைக்காரர் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். ஆட்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது பெண்கள் வாசல்களில் நின்று கேட்டார்கள். ஓம், தந்துவிட்டார்கள் என்று சொன்னோம்.

அடுத்த மாதங்கள் எப்படிப் போயின என்பதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் கசக்கிறது. நகரசபைச் சேவயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். எந்தப் பக்கம் உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்து நின்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் ஆட்கள் வந்து எதிர் வரிசைச் சுவர்களில் தாரால் இலக்கம் போட்டார்கள். எங்கள் வரிசை கல்லால் கட்டியது. எதிர் வரிசையில் பாதி பலகையும் தகரமும். உடைக்கச் செலவு குறைந்த பக்கம் அதுதான்.

வீடுகளுக்கு நட்டஈடு வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகும். வாடகைக்கு இருந்தவர்களுக்கு, வீட்டை விட்டு எழும்புவதற்கு ஒரு காலத் தவணை மட்டும். எங்கள் மெம்பரிடம் போய்க் கேட்டோம். அவர் முகம் வாடிப்போய்விட்டது.

"கான் போட இடம் வேணும் தானே, அம்மா," என்றார் அக்காவைப் பார்த்து. "வண்டி வர வழி வேணும். நீங்களே கேட்ட வேலைதானே இது. ஆட்களுக்கு இடம் குடுக்கிறதுக்கு எண்டு சபையில ஒரு தொகையும் ஒதுக்கேல்லை. நான் கேட்டுப் பாக்கிறன். ஆனால் இந்த வருசம் நடக்காது."

எதிர் வரிசையில் சிலர் அக்காவின் காது கேட்கவே சொன்னார்கள், சாக்குக்காரி போய் வாயைக் கொடுத்துத்தான் இந்த வினை வந்தது என்று. என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் டீச்சர். என் வீடு இந்தப் பக்கம். அக்கா தைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பேலியகொடையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவருடைய கணவரின் சொந்தக்காரர் ஒருவர் சதுப்பு ஓரத்தில் ஒரு துண்டு நிலம் காட்டினார். ஒரு கைவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மகளோடு புறப்பட்டார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

"போய்ட்டு வாறன் டீச்சர்," என்றார்.

"நான் வந்து பாக்கிறன் அக்கா," என்றேன்.

எதிர் வரிசையை உடைத்தபோது தூசி எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் படிந்தது. பிறகு கல்லும் சீமெந்தும் வந்தன. கான் கட்டினார்கள். பைப்பைத் தள்ளி, மேட்டில், சீமெந்துத் தளம் போட்டு வைத்தார்கள். வாளி வண்டி உள்ளே வந்தது. எதிரில் வீடு இல்லாதபடியால் வாசல் வழியாக எங்கள் முன்னறைக்குள் வெளிச்சமும் கடற்காற்றும் வந்தன. பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும் வீடு நல்லாயிருக்கிறது என்றார்கள். அது உண்மைதான். முன்னறை யன்னலைத் திறக்க எனக்கு வெகுநாள் மனம் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்துப் பேலியகொடைக்குப் போனேன். பாலத்தைத் தாண்டி, பஸ்ஸால் இறங்கி, சேற்றுக்குள் போட்ட பலகைகளின் மேல் நடந்து போக வேண்டும். அக்கா சாக்குகளோடுதான் இருந்தார். மகள் உதவி செய்துகொண்டிருந்தாள்.

"இங்க கான் எண்டு தனியா ஒண்டு இல்ல டீச்சர்," என்று சிரித்தார். "மழை வந்தா எல்லாம் கான்தான்."

என்னால் சிரிக்க முடியவில்லை. "நாங்க கேட்டிருக்கக் கூடாது அக்கா," என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றது.

"அப்பிடிச் சொல்லாதீங்க. கேக்காம இருந்திருந்தா இன்னும் பிள்ளையள் போயிருக்கும். அங்க இப்ப காய்ச்சல் இல்ல தானே?"

"இல்ல."

"அப்ப கேட்டது சரி." கொஞ்ச நேரம் தைத்தார். பிறகு நிமிராமலே சொன்னார். "எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. கானுக்கு இடம் எங்க, வண்டிக்கு இடம் எங்க எண்டு எல்லாம் யோசிச்சாங்க. எங்களை எங்க வைக்கிற எண்டு ஏன் ஒருத்தரும் கேக்கல்ல? நாங்க அந்த மேசைக்கு முன்னால தானே நிண்டம்."

"அதை அவங்க கேக்கல்ல அக்கா."

"ஓம். நாங்களும் சொல்லல்ல. சொல்ல வேணும் எண்டு எங்களுக்குத் தெரியல்ல."

நான் சாக்கின் மறு ஓரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். வெயில் தாழும் வரைக்கும் இருவரும் தைத்தோம். அதன் பிறகு என்னால் முடிந்தபோதெல்லாம் போய்வந்தேன். கொச்சிக்கடைக் கோயில் திருநாளுக்கு அவரும் மகளும் வருவார்கள். பூசை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒழுங்கையில் அவருடைய வீடு நின்ற இடத்தில் வண்டிகள் போகும். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார்.

எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் பிறந்தபோது அந்த முன்னறை யன்னலைத் திறந்தேன். பிள்ளைக்குக் காற்று வேண்டும். அவன் வளர்ந்தான். அந்த ஒழுங்கையில் அவனோடு வளர்ந்த பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அது கானால் வந்த நன்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவன் சின்னவனாக இருந்தபோதே உலகப் போர் வந்தது. ஒரு காலையில் துறைமுகத்தின் மேல் ஆகாய விமானங்கள் வந்து குண்டு போட்டன. எங்கள் பக்கத்திலும் சுவர்கள் அதிர்ந்தன. அன்றைக்கே சனங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறத் தொடங்கினார்கள். ரயிலில் யாழ்ப்பாணம் போக இடம் கிடைக்கவில்லை. கணவரால் கந்தோரை விட்டு வர முடியாது. எங்கே போவது என்று தெரியாமல் நான் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது அக்காவின் மகள் வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா உங்களையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ," என்றாள். "ஐயாவும் வேலை முடிய அங்க வரட்டாம்."

பாலத்தில் அவ்வளவு கூட்டம். நடந்தே போனோம். அக்கா அறையின் ஒரு மூலையில் இருந்த சாக்குகளை எல்லாம் வெளியே கொண்டுபோய் அடுக்கிவிட்டுப் பாய் விரித்து வைத்திருந்தார். ஒரே அறை. அவரும் மகளும் அடுப்படியில் படுத்துக்கொண்டார்கள். நான் மறுத்தேன்.

"சும்மா இருங்க டீச்சர். பிள்ளையோட வந்திருக்கிறீங்க," என்றார்.

குண்டுப் பயம் ஓய்ந்து கணவர் வந்து கூட்டிப்போகும் வரைக்கும், வாரக்கணக்கில், அங்கேதான் இருந்தோம். அங்கே கிணற்றுத் தண்ணீர் மங்கலாக இருக்கும். அக்கா விடிந்ததும் முதல் வேலையாக ஒரு சட்டி தண்ணீரை அடுப்பில் வைப்பார். அது நன்றாகக் கொதித்து இறங்கி, துணியில் வடித்து, ஆறும் வரைக்கும் பக்கத்திலேயே இருப்பார். என் மகன் தாகம் என்று அழுதாலும் பொறுத்திரு மகன், பொறுத்திரு என்று மடியில் வைத்துக்கொண்டு, ஆறிய பிறகுதான் தன் கையால் குடிக்கக் கொடுப்பார்.